தோட்ட வீதிக்கு அடித்தகடு: இரும்பா, அலுமினியமா?

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத் தோட்ட வீதியில் உங்கள் டபுள் கெப்பின் ஒயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) கல்லில் மோதி நசுங்கியதைச் சொல்லி, அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு போடுவதா, 6 மி.மீ. அலுமினியமா என்று கேட்டிருந்தீர்கள். சதுர மீட்டருக்கு அந்த இரும்பு ஏறத்தாழ 23.5 கிலோவும் அலுமினியம் 16 கிலோவும் வரும் என்பதால் எடையில் அலுமினியமே மேல். ஆனால் அது மென்மையான உலோகமாதலால் கூரிய கல் அதில் கீறி இறங்கிப் பிடித்துக்கொள்ளும், இரும்போ வழுக்கிச் சென்றுவிடும். வளைந்தாலும் பக்கத்துக் கராஜிலேயே தட்டி நிமிர்த்தலாம் என்பதால் நான் இரும்பையே தெரிவுசெய்வேன்.

தடிப்பைவிடப் பொருத்தும் விதமே முக்கியம். தகட்டை எஞ்சினில் பிடிக்காமல் வாகனத்தின் அடிச்சட்டமான செசியிலும் அதன் குறுக்குச் சட்டத்திலும் பூட்டச் சொல்லுங்கள். அடிபட்டு அமுங்கினாலும் சம்பைத் தொடாதபடி இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். முன்விளிம்பு மேல்நோக்கி வளையாவிட்டால், தகடே கலப்பையாகி மண்ணைத் தோண்டும். போல்ட் தலைகள் குழிக்குள் அமர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் கல்லில் உரசித் தேய்ந்த தலையை எந்தச் சாவியாலும் கழற்ற முடியாது.

ஒயில் இறக்கும் துளையையும் காற்றோட்டத் துவாரங்களையும் வெட்டாமல் தகட்டை வாங்கிவிடாதீர்கள். மலைநாட்டு மழையில் உள்ளே படியும் சேறு துருவை வரவழைக்கும். வெயில் காலத்திலோ காய்ந்த மானாப்புல் சைலன்சர் குழாயருகே சிக்கினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே இருபுறமும் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, சேற்றில் ஓடியபின் மேற்புறத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். புதிதாகப் பூட்டிய போல்ட்டுகள் குலுக்கலில் தளரும், சில நாட்கள் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.