சாலை வரி கட்டியும் டோல் எதற்கு?

வீட்டிலிருந்து 8 கிலோமீட்டரில் டோல்கேட், அலுவலகம் அதைத் தாண்டி, தினம் இரண்டு தடவை காசு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் நீங்கள் சாலை வரி என்று சொல்கிற ஆயுள் வரி மாநில அரசுக்குப் போகிறது. டோல் என்பது 2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி அந்தச் சாலையில் ஓட்டுகிறவரிடம் மட்டும் வாங்கும் கட்டணம். ஓட்டாதவர் ஏன் கொடுக்கணும் என்பதுதான் கணக்கு. (டீசலில் சாலைக்கென்று தனி செஸ்ஸும் பிடிக்கிறார்களே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை!)

வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் உங்களுக்குச் சரிப்படாது. 2025-26இல் 3,000 ரூபாயாக இருந்த அந்தப் பாஸில் 200 தடவைதான். உங்களுக்கு 100 வேலைநாளில் தீர்ந்துவிடும். டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து, கார் சொந்த உபயோகப் பதிவாக இருந்தால் உள்ளூர் மாத பாஸ் கேளுங்கள். 2025-26இல் அது மாதம் 350 ரூபாயாக இருந்தது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஆதார், ஆர்.சி. இரண்டையும் எடுத்துக்கொண்டு டோல் அலுவலகத்துக்கே போங்கள். சர்வீஸ் ரோடு இருந்தால் பாஸ் கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுங்கள். மாநில நெடுஞ்சாலை டோல் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.