வாசகர் கேள்வி – பதில்: சிறிய காருக்கு எந்த சப்வூஃபர்?

கேள்வி: என்னிடம் ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. காருடன் வந்த ஸ்டீரியோவை மாற்ற விருப்பமில்லை. பெரும்பாலும் இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களைத்தான் கேட்கிறேன். 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) இரண்டும் 1,500 வாட் ஆம்ப்ளிஃபயரும் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய சப்வூஃபரே போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? – திருப்பூர் வாசகர்

பதில்: கடைக்காரர் சொல்வது உங்கள் காருக்கு அதிகம், நண்பர் சொல்வது நீங்கள் விரும்பிக் கேட்கும் இசைக்குக் குறைவு. 10 அங்குல சப்வூஃபர் ஒன்று, அதன் அளவுக்கென்றே செய்த, முழுக்க மூடிய சீல்டு பெட்டி, 250 முதல் 300 வாட் வரை ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும்) திறன் கொண்ட, ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்ப்ளிஃபயர் ஆகிய மூன்றும் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

முதலில் வாட் கணக்கைப் பார்ப்போம். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1,200 என்றோ 1,500 என்றோ அச்சிட்டிருப்பது, பெரும்பாலும் கண நேரத்துக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதே அட்டையின் பக்கவாட்டிலோ கையேட்டிலோ சிறிய எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஓர் எண் இருக்கும். மேலே 1,200 என்று போட்டிருந்தாலும் இந்த எண் 250 அல்லது 300 ஆக இருப்பது சாதாரணம். தொடர்ந்து தாங்கும் திறன் அதுதான் என்பதால், சப்வூஃபரையும் ஆம்ப்பையும் அந்த எண்ணை வைத்தே பொருத்த வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும் என்பதையும், காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை என்பதையும் மனத்தில் வைத்தால், பெரிய எண்களுக்குப் பணம் கொடுக்கத் தோன்றாது.

அந்தப் பணத்தைப் பெட்டிக்குச் செலவிடுங்கள், ஏனென்றால் சப்வூஃபரின் குரலைத் தீர்மானிப்பது பெட்டிதான். சீல்டு பெட்டியில் ஒலி, கீழ்ச் சுருதிக்குப் போகப்போக ஓர் ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் குறையும். ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள், ஒலியலையின் நீளத்தில் பாதி கேபினின் நீளத்தைவிடப் பெரிதாகும்போது உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போவதால், சீல்டு பெட்டி இழப்பதில் பெரும்பகுதியைக் காரே ஈடுகட்டிவிடுகிறது. டிக்கியும் கேபினும் ஒன்றாக இருக்கும் ஹேட்ச்பேக் கார்களில் இந்தப் பலன் நன்றாகவே கிடைக்கும். குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி, தான் டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணை ஒட்டிக் கூடுதல் சத்தம் தரும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடுவதோடு, ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனும் பிடிமானம் இல்லாமல் ஆடத் தொடங்கும். இதனால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் போர்ட்டட் பெட்டியை இயக்கக் கூடாது.

உங்கள் இசையைப் பொறுத்தவரை இது முக்கியமான வேறுபாடு. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை, தனியொரு மெட்டாகவே நடந்துபோகிறது. அந்த நடையில் ஒரு சுரம் மட்டும் எகிறி, அடுத்தது அமுங்கினால் பாட்டே கெட்டுவிடும். டியூனிங் சரியில்லாத போர்ட்டட் பெட்டியில் இதுதான் நடக்கிறது. சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப்வூஃபர்களோ பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே தளர்ந்துவிடும், ஏனென்றால் அதே சத்தத்தில் ஓர் ஆக்டேவ் கீழே இறங்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது.

இடத்தையும் யோசியுங்கள். ஸ்விஃப்டின் டிக்கி சுமார் 265 லிட்டர். 10 அங்குலத்துக்கு 17 முதல் 20 லிட்டர் உள்ளளவு கொண்ட சீல்டு பெட்டி போதும். 12 அங்குலம் இரண்டுக்குப் போர்ட்டட் பெட்டி என்றால் உள்ளளவே 90 லிட்டரைத் தாண்டும், பலகையின் தடிமனையும் சேர்த்தால் ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கையை மடியில்தான் வைக்க வேண்டும். சரியான அளவு, சப்வூஃபருடன் வரும் கையேட்டில் இருக்கும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அந்த அளவுக்கே செய்யச் சொல்லுங்கள், கடையில் தயாராக இருக்கும் பெட்டிக்குள் சப்வூஃபரைத் திணிக்க விடாதீர்கள்.

ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாக வாங்கி, காரின் வயரை வெட்டாமல் கப்ளர் (செருகி இணைக்கும் பிளக்) மூலம் இணைக்கச் சொல்லுங்கள். வாரண்டி தொடர்பான தகராறு வரும் வாய்ப்பு குறையும். பேட்டரியிலிருந்து வரும் வயர் முழுச் செம்பாக இருக்கட்டும், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். பொருத்தி முடித்ததும் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் கடத்தும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸிலும், பேஸ் ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலும் வைத்து, நன்றாகப் பழகிய ஒரு பாடலை ஓடவிட்டு, சிக்னலின் அளவைக் கூட்டும் கெயின் திருகை மெல்லக் கூட்டுங்கள். பேஸ் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்துவிட்டு, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரு பக்கமும் மாற்றிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்கும்போது பேஸ் எந்தப் பக்கத்தில் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி.

கேள்வி: டிசையர் சி.என்.ஜி. கார் வைத்திருக்கிறேன். டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது. மீதமுள்ள இடத்தில் சப்வூஃபர் பெட்டி வைக்கலாமா? – மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். சிலிண்டரும் அதன் வால்வும் குழாய்களும் இருக்கும் இடத்தில் திருகு அடிப்பதும் ஆம்ப் வயரை இழுப்பதும் ஆபத்து. மேலும், செடானில் டிக்கிக்கும் கேபினுக்கும் இடையே பின் சீட்டும் தகடும் தடுப்பாக நிற்பதால் பேஸின் ஒரு பகுதி டிக்கிக்குள்ளேயே அடைபட்டு நம்பர் பிளேட்டைத்தான் அதிர வைக்கும். முன் சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப்பும் உடன் சேர்ந்த சப்வூஃபர்தான் உங்களுக்கு ஏற்றது. வாங்கும் முன் சீட்டை முழுவதும் கீழே இறக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, அடியில் இருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பின் சீட்டுக்குக் காற்று தரும் ஏசி குழாய் அங்கே போகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. மின்சாரத்தைச் சேமித்துவைத்துத் தரும் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஆகாது. மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் தரும் ஆற்றல் 26 ஜூல் மட்டுமே. 300 வாட் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடப் போதாது. முதலில் எர்த் வயரைப் பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டிய வெற்றுத் தகட்டில், பவர் வயரின் அதே தடிமனில், இறுக்கமாக முடுக்கியிருக்க வேண்டும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளிலும் ஆம்ப் முனைகளிலும், பாடலை ஓடவிட்டபடியே மல்ட்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள்: இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறை வயரில், இரண்டிலும் சேர்ந்தே இறங்கினால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும்.