கோலி டீச்சர் பதில்கள்

(பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் கோல்கீப்பராக, அதாவது 'கோலி'யாக இருந்து, இப்போது அரசுப் பள்ளியில் பி.இ.டி. டீச்சராக இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

? என் மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளி அணியில் இரண்டாவது கோல்கீப்பர். ஒரு வருஷமாக பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கோல் அடிக்கிற ஃபார்வர்டு இடத்துக்கு மாறச் சொல்லலாமா? (ஒரு அப்பா, பழனி)

அவளுக்கு ஓடப் பிடிக்கும் என்றால் தாராளமாக மாறட்டும் சார். உட்கார்ந்திருப்பதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். ஃபார்வர்டு சரியாக ஆடவில்லை என்றால் மைதானத்தின் ஓரத்தில், விங்கில் போடுவார்கள். கோலிக்கு அப்படி மாற்றிப் போட வேறு இடமே கிடையாது. பதினொரு பேரில் கோலி ஒருத்திதான். மற்றவளுக்கு பெஞ்ச்தான்.

இங்கிலாந்தின் கோலி மேரி எர்ப்ஸைச் சொல்கிறேன். 1993-இல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். டான்காஸ்டர், பர்மிங்ஹாம், பிரிஸ்டல், ரெடிங் என்று கிளப் கிளப்பாக அலைந்தார். நடுவில் லஃபரோ பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கிவிட்டார். அதன் பிறகு ஒரு சீசன் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க். 2019 பெண்கள் உலகக்கோப்பை அணியில் பெயர் வந்தது, பிரான்ஸுக்கும் போனார். ஆனால் ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. கொஞ்ச நாளில் தேசிய அணியிலிருந்தே பெயர் போய்விட்டது. ஏறத்தாழ இரண்டு வருஷம் கூப்பிடவே இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததையும், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததையும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

2021 செப்டம்பரில் புதுப் பயிற்சியாளராக சரீனா வீக்மன் வந்தார், முதல் ஆட்டத்திலேயே எர்ப்ஸை இறக்கினார். அடுத்த வருஷம் ஜூலை 31, வெம்ப்ளியில் 87,192 பேர் பார்க்க ஜெர்மனியை 2-1 என்று வென்று, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை. 2023 உலகக்கோப்பை இறுதியில் ஸ்பெயினின் ஜென்னி ஹெர்மோசோ அடித்த பெனால்டியை இடப்பக்கம் விழுந்து, தட்டிவிடாமல் பிடித்தே விட்டார். பிடித்ததும் அவர் கத்திய வார்த்தையை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. ஆனாலும் தொடரின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை அவருக்குத்தான்.

உங்கள் மகள் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கவனித்துப் பாருங்கள். மேட்ச் பார்க்கிறாளா, போன் பார்க்கிறாளா? மேட்ச் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

? எர்ப்ஸின் ஜெர்சியை விற்க மாட்டோம் என்று நைக்கி சொன்னதாமே, உண்மையா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

2023 உலகக்கோப்பையின்போது இங்கிலாந்து அணியில் மற்ற எல்லோர் ஜெர்சியும் கடையில் கிடைத்தது. கோல்கீப்பர் ஜெர்சி மட்டும் விற்பனைக்கு இல்லை. எர்ப்ஸ் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். விற்கச் சொல்லி 1,50,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் கொஞ்சம் கொண்டுவந்தார்கள், வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஓட முடியாத பிள்ளையைக் கோலியாக நிறுத்து என்று சொல்கிற வழக்கம் நம் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

? பெண்களுக்கு கோல்போஸ்டைச் சின்னதாக்கினால் என்ன? (ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்)

இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் பயிற்சியாளராக இருந்தபோது எம்மா ஹேய்ஸே இதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. எனக்கு இதில் சம்மதம் இல்லை. நான் ஐந்தடி மூன்றங்குலம். தலைக்கு மேல் போன கோலை விட, தப்பான இடத்தில் நின்று வாங்கிய கோல்தான் எனக்கு அதிகம். கம்பத்தைச் சின்னதாக்குவதற்கு முன், கோலிக்கென்று தனியாக ஒரு கோச்சைப் போடுங்கள். நான் ஆடிய காலத்தில் எனக்கு அப்படி யாரும் இருந்ததில்லை.

? கண்ணாடி போட்டிருக்கிறேன் டீச்சர். கோலி ஆக முடியுமா? (எட்டாம் வகுப்பு, தேனி)

முடியும் கண்ணு. இங்கிலாந்தின் கோலி ஹானா ஹாம்ப்டனுக்குப் பிறக்கும்போதே மாறுகண். குழந்தையிலேயே ஆபரேஷன்கள் நடந்தன. தூரம் எவ்வளவு என்று கண் சரியாகக் கணிக்காது. டம்ளரைக் கையில் பிடிக்காமல் தண்ணீர் ஊற்றினால் வெளியே கொட்டிவிடுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். விளையாட்டு வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்ன பிள்ளை.

2025 யூரோவில் அதே பிள்ளை என்ன செய்தது தெரியுமா? காலிறுதியில் ஸ்வீடனோடு ஆடும்போது மூக்கில் ரத்தம். மூக்கை அடைத்துக்கொண்டு நின்று பெனால்டிகளைத் தடுத்தார். பாசலில் நடந்த இறுதியில் ஸ்பெயினின் கால்தென்டே, போன்மாட்டி இருவர் அடித்ததையும் நிறுத்தினார். கோப்பை மறுபடி இங்கிலாந்துக்கு.

ஆனால் சாதாரணக் கண்ணாடியோடு டைவ் அடிக்காதே. தலைக்குப் பின்னால் பட்டை வைத்த விளையாட்டுக் கண்ணாடி இருக்கிறது, கண் டாக்டரிடம் கேள்.

? 2025 யூரோவுக்குச் சில வாரம் முன்புதான் எர்ப்ஸ் தேசிய அணியிலிருந்து விலகினார். பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் ஓடிப்போனார் என்று சொல்லலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பழனிக்காரர் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கவிழ்க்கப் பார்க்கிறீர்கள்! இளையவர்களுக்கு வழிவிடுகிறேன் என்றுதான் அவர் சொன்னார். அப்போது ஹாம்ப்டன் முதலிடத்துக்கு வந்துகொண்டிருந்தார் என்பதும் உண்மை. வீக்மனுக்கு ஏமாற்றம், அதை அவர் மறைக்கவில்லை. ரசிகையாக எனக்கும் வருத்தம்தான், ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் 26 வயதில் பெஞ்சில் உட்காருபவளுக்கு முன்னால் வருஷங்கள் இருக்கின்றன. 32 வயதில் அப்படியில்லை. நானும் கடைசி வருஷம் 'இரண்டாவது கோலியாக வா' என்றபோது வரமாட்டேன் என்று ஊருக்குப் பஸ் ஏறியவள்தான். அதனால் ஓடிப்போனார் என்ற வார்த்தையை என் கையால் எழுத மாட்டேன்.

? கோல்கீப்பர் பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம்?

இப்போது 8 விநாடி. கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணுவார். தாண்டினால் எதிரணிக்கு கார்னர் கிக்.

? உங்களுக்கு எத்தனை விரல் உடைந்திருக்கிறது டீச்சர்?

இரண்டு. வலதுகை சுண்டுவிரல் இன்னும் கோணல்தான். விசில் பிடிக்க அது தேவைப்படாது.