‘கோதுமை இல்லாதது’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்குச் செலியாக் நோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ‘கோதுமை இல்லாதது’ என்று போட்ட பாக்கெட்டுகளாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனாலும் அடிக்கடி வயிறு உப்பிக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவும் இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: ரத்தத்தில் அந்த அளவு இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் நீங்கள் நம்பி வாங்கும் அந்த வாசகம் போதாது. இந்த நோயில் குடலைக் கெடுப்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம். அது பார்லியிலும் ரை என்ற தானியத்திலும்கூட இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொல். அதற்குத்தான் வரம்பு உண்டு: கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

அந்தச் சொல் இல்லாத பாக்கெட்டா? பின்பக்கத்தைத் திருப்பி, முதலில் ‘மால்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லிதான். மக்காச்சோளத்தில் செய்த கார்ன்ஃபிளேக்ஸ்தானே என்று எடுப்போம். சுவைக்காக அதில் மால்ட் சாறு சேர்த்திருப்பார்கள். சாக்லேட், பானப் பொடி, சில வகை வினிகர் எல்லாவற்றிலும் இது வரும். ஒவ்வாமைப் பொருட்கள் என்று தனியாகப் போடுகிற வரியை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில், உதாரணமாக, கோதுமையை அங்கே சொல்லியே ஆக வேண்டும். பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்தது சோயா சாஸ். பெயரில் சோயா இருந்தாலும் பெரும்பாலும் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். அதனால் மசாலா தடவிய சிப்ஸ், ஊறவைத்த இறைச்சி, சூப் பொடி இவற்றிலும் கவனம் தேவை. ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிட்ட ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

போன மாதம் படித்த லேபிளை இந்த மாதமும் படியுங்கள். செய்முறையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். சேர்மானங்களை முழுதாகப் போடாத பாக்கெட்டை நான் வாங்கவே மாட்டேன், விற்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும் சரி.

அப்புறம், வீட்டையும் ஒரு முறை பாருங்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடுகிறது. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பதில் அது சிறு பங்குதான். எனவே டோஸ்டரும் மாவு சல்லடையும் மகளுக்கென்று தனியாக இருக்கட்டும். பொரித்த எண்ணெயையும் பொதுவாக வைக்காதீர்கள். சூட்டில் குளூட்டன் அழியாது.

கேள்வி: மாத்திரையிலும் குளூட்டன் இருக்குமா?

பதில்: அரிதாக இருக்கலாம். மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் பெரும்பாலும் மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கிலிருந்து வருவது. எதிலிருந்து எடுத்தது என்று போடவில்லை என்றால் மருந்தாளுநரிடமோ தயாரிப்பாளரிடமோ கேளுங்கள். பதில் வரும்வரை மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.