குடல் பாலிப்பும் கால்சியமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 54. கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது 6 மில்லிமீட்டர் அளவுள்ள அடினோமா பாலிப் ஒன்றை அகற்றினார்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் மறுபடியும் வராது என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். தொடங்கலாமா?

பதில்: பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி; அடினோமா அதில் புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு வகை. உங்கள் உறவினர் சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சன்று. அடினோமா அகற்றப்பட்ட 930 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. அதில் மீண்டும் அடினோமா தோன்றியவர்கள் கால்சியம் பிரிவில் 31 விழுக்காடு, மற்றதில் 38 விழுக்காடு. ஆனால் 2,259 பேரைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த நன்மை தெளிவாகப் புலப்படவில்லை. வைட்டமின் டி கொடுத்தும் பயனில்லை. எனக்குக் கவலை தருவது 2018இல் வந்த அதன் தொடர்ச்சிதான்: மாத்திரை தொடங்கி 6 முதல் 10 ஆண்டுகள் ஆன பின், கால்சியம் எடுத்தவர்களிடம் செர்ரேட்டட் என்னும் வேறு வகைப் பாலிப்புகள் கூடுதலாகக் காணப்பட்டன. அவற்றிலும் சில புற்றுநோயாக மாறக்கூடியவை. ஆகவே, பாலிப்பைத் தடுப்பதற்காக மட்டும் மாத்திரை தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்கு வேண்டியது மறு பரிசோதனை. 10 மில்லிமீட்டருக்கும் சிறிய அடினோமா ஒன்றிரண்டு மட்டும் இருந்து, குடல் நன்கு சுத்தமாக இருந்த நிலையில் முழுமையாகப் பார்க்கப்பட்டிருந்தால், அதை 7 முதல் 10 ஆண்டுகளுக்குள் செய்தால் போதும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அகற்றிய பாலிப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பயாப்ஸி முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் காலத்தைக் குறிப்பார்.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்காக நான் சாப்பிடும் மாத்திரையின் அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருக்கிறது. அளவு மீறிவிட்டதா?

பதில்: இல்லை, அம்மா. கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடுதான் கால்சியம் என்பதால், அந்த மாத்திரையில் உள்ளது 500 மில்லிகிராம். எலும்புக்காக எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு பாலிப் எடுத்திருந்தாலோ சிறுநீரகக் கல் இருந்திருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கேழ்வரகும் பாலும் போதுமா? கால்சியம் குடலில் என்னதான் செய்கிறது?

பதில்: கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்த அமிலங்களில் ஒரு பகுதி பெருங்குடல்வரை வந்து அதன் உட்சுவரை அரிக்கும், அந்தச் சேதத்தை ஈடுகட்ட உயிரணுக்கள் வேகமாகப் பெருகும்போது பிழைகள் நேர வாய்ப்புண்டு. கால்சியம் அந்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு கரையாத பொருளாக்கி மலத்தோடு வெளியேற்றுகிறது என்பது முக்கியமான விளக்கம். பெரியவர்களுக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராமும், ஒரு தம்ளர் பாலில் 240 மில்லிகிராம் அளவும் உண்டு. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் மோர், இரவில் பால், இடையில் கீரையும் எள்ளுருண்டையும் என்று அமைத்துக்கொண்டால் பெரும்பாலானோருக்கு மாத்திரை தேவைப்படாது.

கேள்வி: நான் சுத்த சைவம். எனக்குப் பாலிப் வராதுதானே?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. அதை நீங்கள் தவிர்ப்பது நல்லதே. ஆனால் புகை, மது, தொப்பை, உடலசைவில்லாத வேலை ஆகிய நான்கும் சைவர்களையும் விட்டுவைப்பதில்லை. இவற்றுள் புகைதான் மிகக் கொடியது, அதிலும் செர்ரேட்டட் பாலிப்புகளுக்கு. கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தும் காய்கனிகளும் மிகுந்த உணவை 2,079 பேரிடம் நான்காண்டுகள் சோதித்து 2000இல் வெளியான ஆய்வில்கூட, அடினோமா திரும்பத் தோன்றுவது குறையவில்லை. உடல்நலத்துக்குப் பல வகையில் உதவும் உணவு அது. எனினும் பரிசோதனைக்கு மாற்றாகாது.

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. தம்பிக்கு இப்போது 37. எந்தத் தொல்லையும் இல்லை என்று பரிசோதனைக்கு மறுக்கிறான்.

பதில்: பெரும்பாலான பாலிப்புகள் வலியோ இரத்தக்கசிவோ இல்லாமலேயே வளர்வதால், தொல்லை இல்லை என்பது காரணமாகாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டுகள் முன்பாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும். உங்கள் தம்பிக்கு அது 38; உங்களுக்கும் அதே கணக்குதான், நீங்கள் அந்த வயதைக் கடந்தும் இன்னும் செய்யவில்லையென்றால் இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள். குடலைச் சுத்தம் செய்யத் தரும் மருந்து நீரைப் பாதியில் நிறுத்தாமல், முதல் நாள் இரவு ஒரு பங்கும் பரிசோதனை நாள் விடியலில் மறுபங்கும் என மருத்துவர் சொல்லும் நேரப்படி முழுவதும் குடிக்கச் சொல்லுங்கள்; மலம் தங்கிய குடலில் தட்டையான பாலிப் கண்ணில் படாமல் போய்விடும்.