ஆயா தமிழுக்குத் திரும்பிவிட்டார்: 94 வயதில் இது வெறும் வயசுதானா?

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 94 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு வருஷமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். மூன்று மாதமாக இங்கிலீஷ் அறவே நின்றுபோய், தமிழ் மட்டும்தான். நான் தமிழ் வகுப்பில் படித்தவள், சமாளிக்கிறேன். பிள்ளைகள் திருதிருவென விழிக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போவணும்" என்கிறார். டாக்டர், "இந்த வயசுக்கு இது சகஜம், விடுங்க" என்று சொல்லிவிட்டார். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம்.

டாக்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2003 முதல் 90 வயது கடந்தவர்களை மட்டுமே வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது. டிமென்ஷியா என்கிற மறதிநோய் இல்லாதவர்களாகச் சேர்ந்தவர்களில் 90 முதல் 94 வயதுக்காரர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் புதிதாக அதற்கு ஆளானார்கள். 95க்கு மேல் அது 21, நூறைத் தாண்டினால் 41. ஆக, ஆயாவின் வயதில் இது அபூர்வமில்லை.

ஆனால் சகஜம் என்பதும் இயல்பு என்பதும் ஒன்றல்ல. ஹாலந்தில் ஒரு பெண்மணி 115 வயது வரை வாழ்ந்து 2005இல் இறந்தார். 82 வயதிலேயே தன் உடலை ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்தவர். 111 வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு, "என் உடம்பு இன்னும் உங்களுக்குப் பிரயோஜனப்படுமா?" என்று கேட்டாராம்! இறந்தபின் அவர் மூளையைத் திறந்து பார்த்தார்கள். மறதிநோய்களில் மிகப் பரவலான அல்சைமரின் தடயம் மிகச் சொற்பம். வயது மட்டுமே காரணமென்றால் அவருக்கு வந்திருக்க வேண்டுமே.

முதிர்ந்த வயதின் இன்னொரு விசேஷம், நோய் பெரும்பாலும் ஒற்றையாக வருவதில்லை. எழுபதில் மறதி என்றால் அல்சைமர் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தொண்ணூறில் மூளையில் அல்சைமர் புரதப் படிவு கொஞ்சம், அடைபட்ட சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கொஞ்சம், டிடிபி-43 என்ற வேறொரு புரதம் கொஞ்சம் என்று எல்லாம் கலந்துதான் கிடக்கும். அந்தப் புரதத்தால் வரும் மறதிக்கு 2019இல்தான் தனிப்பெயரே வைத்தார்கள். படிவு நிறைய இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. படிவு அதிகம் இல்லாமலே தடுமாறியவர்களும் உண்டு. அதனால் "ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்" என்று அதன்மேல் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்த "மூன்று மாதம்". மறதிநோய் மெதுவாக இறங்கும். ஒரு வருஷம் மெதுவாகப் போனது மூன்று மாதத்தில் சரசரவென்று இறங்கினால், மேலே வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் பார்க்க வேண்டும். எப்போதாவது கீழே விழுந்தாரா? லேசாக அடிபட்டிருந்தாலும் மண்டையோட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துக் குழப்பம் தரும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன் உண்மையிலேயே உதவும். காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூட இங்கிலீஷ் போய்விடும். நன்றாகக் காதில் விழாத பேச்சைப் பழகிய மொழியில்தானே ஊகித்துப் புரிந்துகொள்ள முடியும்?

அப்புறம் மாத்திரைகள். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் பழைய மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்கான சில மருந்துகள் எல்லாம் இந்த வயதில் புத்தியைக் குழப்பக்கூடியவை. ரத்த அழுத்த மாத்திரையும் கவனிக்க வேண்டியதே. அதே கலிபோர்னியா ஆய்வில், 80க்கு மேல் ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு டிமென்ஷியா குறைவாகவே வந்தது. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்தை எவ்வளவு இறக்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தமிழுக்கு வருவோம். பிற்பாடு கற்ற மொழி முதலில் தேய்ந்து, தாய்மடியில் கேட்ட மொழி நிற்பதை இந்த நோயில் அடிக்கடி பார்க்கிறோம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஆனால் ஞாபகப் பரிசோதனையை இங்கிலீஷில் வைத்தால் ஆயா தோற்பது நிச்சயம். வழக்கமான 30 மார்க் பரிசோதனை பள்ளிக்கூடம் போனவர்களுக்குச் சாதகமானது. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் ஸ்கூலுக்குப் போனார்கள்? அதில் "இது என்ன பருவம்?" என்று ஒரு கேள்வி வரும். ஒரு ஜூலை மாதம் என்னிடம் வந்த ஓர் ஆயா, "மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற மாசம்" என்றார். குளிர்காலம் என்று சொல்லவில்லையே என்று உதவியாளர் பூஜ்யம் போட்டுவிட்டார். நான் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு முழு மார்க் போட்டேன். படிப்பும் மொழியும் குறுக்கிடாதபடி வடிவமைத்த 'ருடாஸ்' என்ற பரிசோதனை இருக்கிறது. அதைக் கேளுங்கள், தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

"வீட்டுக்குப் போவணும்" என்கிறாரே, எந்த வீடு என்று கேட்டீர்களா? இவர் வயதுக்காரர்கள் பலருக்கு வீடு என்றால் சாட்ஸ்வொர்த் அல்ல. டர்பனில் இந்தியர்கள் முன்பு குடியிருந்த மேகசின் பேரக்ஸ் அல்லது கேட்டோ மேனர். 1960களில் அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவந்து இங்கே குடிவைக்கப்பட்டவர்கள். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் அவருக்குப் பயம்தான் கூடும். அந்த வாசலில் என்ன மரம் இருந்தது, பக்கத்து வீட்டில் யார் என்று பேச்சைக் கொடுங்கள். நாலு மணிக்கே விளக்கைப் போட்டு, டீ கொடுத்து, யாராவது ஒருவர் கூட உட்காருங்கள். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரைத் தைத்து வையுங்கள்.

மருந்து? டொனெபெசில் சிலருக்குக் கொஞ்சம் உதவும். நாடித்துடிப்பைக் குறைத்து மயக்கம் வரவழைக்கலாம் என்பதால் முதலில் ஈசிஜி எடுக்கலாம். செய்தியில் அடிபடும், அல்சைமருக்கான லெகனெமாப் ஊசியை 50 முதல் 90 வயதுக்குள் உள்ளவர்களிடம்தான் சோதித்தார்கள். பதினெட்டு மாதத்தில், நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை, மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரும் அபாயம் வேறு. ஆயாவுக்கு அது வேண்டாம்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். அலமாரியில் உள்ள அத்தனை மாத்திரையையும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயாவின் மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். அதற்குள் காய்ச்சல் வந்தாலோ, பகலெல்லாம் எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, ஒரு பக்கம் பலவீனமாகத் தெரிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.