நரிமன் முனை ஏர் இந்தியா கட்டடம்: கேட்டதும் சொன்னதும்

கட்டட வரைபட வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தேன், அதில் பாதி மும்பைக் கடலோரத்து நரிமன் முனையில். மதியம் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே 23 மாடி ஏர் இந்தியா கட்டடம்தான் நிற்கும். மும்பைத் தமிழர்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தாராவி மாணவர்: ஐயா, அந்த இடமே கடலாக இருந்ததாமே?

ஆமாம், தம்பி. 1920களில் பம்பாய் அரசு பேக் பே கடலைத் தூர்த்து நிலமாக்க இறங்கியது. எட்டுத் துண்டுகளாகத் திட்டம் போட்டார்கள். செலவு எகிறியது, கொட்டிய சேறு தடுப்புச் சுவரின் இடுக்கு வழியே கடலுக்கே திரும்பிப் போனது. குர்ஷித் நரிமன் என்ற பார்சி வழக்கறிஞர் இதில் நடந்த முறைகேட்டை அம்பலப்படுத்தினார். ஹார்வி என்ற பொறியாளர் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டார், நரிமனே வென்றார். அரைகுறையாக நின்றுபோன அந்தத் திட்டத்தின் மிச்சத்தில்தான் பிற்காலத்தில் இன்னொரு பகுதியைத் தூர்த்தார்கள். அந்த நிலத்துக்குப் போய் நரிமன் பெயரையே வைத்திருக்கிறார்கள்! ஏர் இந்தியா கட்டடம் 1974இல் அங்கே எழுந்தது.

செம்பூர் வாசகி: கொட்டிய மண்ணில் அவ்வளவு கனம் எப்படி நிற்கிறது, சார்?

கொட்டிய மண்ணை நம்பி யாரும் உயரமாகக் கட்ட மாட்டார்கள், அம்மா. அப்படிப்பட்ட நிலத்தில் அடித்தளத்தை மண்ணைத் தாண்டிக் கீழே இருக்கும் பாறைவரை இறக்கி, பாரத்தை அங்கே ஒப்படைப்பார்கள். மும்பைக்கு அடியில் கருங்கல் போன்ற எரிமலைப் பாறை கிடப்பது நம் அதிர்ஷ்டம்.

என் கவலை எப்போதும் காற்றைப் பற்றித்தான். கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி மேல்பூச்சைப் பிளக்கும். முதலில் தலைமயிர் அளவு விரிசல், அதில் பழுப்புக் கறை, அப்புறம் ஒரு நாள் கையளவு சில்லு கீழே விழும். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் ஜன்னல் விளிம்பில் பென்சில் நுனியால் தட்டிப் பார்ப்பேன். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே துரு வேலையைக் காட்டுகிறது என்று பொருள். நரிமன் முனையில் ஏதாவது ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சயான்: வடிவமைத்தவர் யார், அண்ணா?

அமெரிக்கரான ஜான் பர்ஜி. பிலிப் ஜான்சனுடன் சேர்ந்து நியூயார்க்கில் ஏடி அண்ட் டி கட்டடத்தை வடிவமைத்தவர். ஆனால் என் ஓட்டு பக்கத்திலிருக்கும் எக்ஸ்பிரஸ் டவர்ஸுக்கே. அதன் சிற்பி ஜோசப் ஸ்டைன், இந்தியாவில் தங்கி நம் வெயிலைப் படித்தவர். ஏர் இந்தியா கட்டடம் தூரத்திலிருந்து பார்க்கத்தான் அழகு.

தாணே: உச்சியில் வில்லோடு இருந்த உருவம் அர்ஜுனன் என்கிறான் என் மகன்.

வில்லைப் பார்த்துச் சொல்லியிருப்பான், பாவம். அது பாதி குதிரை, பாதி மனிதன். நம் பஞ்சாங்கத்துத் தனுசு ராசிதான். பழைய ஏர் இந்தியாவின் சின்னம்.

மாட்டுங்கா: மாமா, 1993இல் அங்கேயும் குண்டு வெடித்ததே?

மார்ச் 12, வெள்ளிக்கிழமை. பங்குச் சந்தையில் தொடங்கி ஊர் முழுக்க வெடித்த தொடர் குண்டுகளில் 257 பேர் இறந்தார்கள். இங்கே வெடித்தது வாகனத்தில் வைத்த குண்டு. கட்டடம் தாங்கிக்கொண்டது, உள்ளேயும் வாசலிலும் இருந்த மனிதர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்ல மனமில்லை.

முலுண்டு: யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உண்டா?

இல்லை. 2018இல் மும்பையிலிருந்து சேர்ந்தவை விக்டோரியக் காலக் கட்டடங்களும் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்களும்.

செம்பூர்: இப்போது டாடாவுடையதுதானே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2013இல் தலைமையகம் தில்லிக்குப் போனது. 2022 ஜனவரியில் விமான நிறுவனம் டாடாவிடம் திரும்பியது, கட்டடம் அந்தப் பேரத்தில் சேரவில்லை. மகாராஷ்டிர அரசு 1,601 கோடி ரூபாய்க்குக் கேட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு சம்மதித்தது. 2012இல் மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயா தீப்பிடித்த பிறகு துறைகள் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்ததை நினைத்தால், நடந்தே போகும் தூரத்தில் 23 மாடி கிடைப்பது அரசுக்குச் சின்ன விஷயமில்லை.

தாராவி மாணவர் மறுபடியும்: உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

வேலை இல்லாமல் விடமாட்டார்கள். மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறி சர்ச்கேட்டில் இறங்கு, தம்பி. அங்கிருந்து கடலோரமாக நட. ஐந்து மணி வெயில் அதன் மேற்கு முகத்தில் விழும். மழைக்காலம் மட்டும் வேண்டாம். அந்த முனையில் நான் பறிகொடுத்த குடைகள் மூன்று.